குறையாத ஆயில்: டிராக்டர் எஞ்சினுக்குள் டீசல் இறங்குவதைக் கண்டறிதல்

எஞ்சின் ஆயில் குறைந்தால் கவலைப்படும் வழக்கம் டிராக்டர் வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு. குறையாமல் நின்றால் கவலைப்படுகிறவர்கள் அரிது. கொடுமுடிப் பக்கம் மஞ்சளும் வாழையும் வைக்கும் என் உறவினர் ஒருவரிடம் 5,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிய மூன்று சிலிண்டர் வண்டி ஒன்று இருந்தது. பல ஆண்டுகளாக அது ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு அரை லிட்டர் ஆயில் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு சித்திரையில், கோடை உழவு முடிந்த கையோடு, அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டது. "இப்பெல்லாம் ஆயிலே குடிக்கறதில்லீங்க மாப்பிள்ளை, வண்டி தேறிக்கிச்சு" என்று அவர் சொன்னபோது அதில் மகிழ்ச்சிதான் இருந்தது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை உயரத்தில் நின்றது. கம்பியின் நுனியிலிருந்து அது திரண்டு சொட்டாமல் தண்ணீர்போல ஓடி வழிந்தது. தேய்ந்த எஞ்சின் தானாகத் தேறுவதில்லை. எரிந்துபோன ஆயிலின் இடத்தை வேறேதோ ஒன்று நிரப்பிக்கொண்டிருந்தது.

அந்த வேறொன்று பெரும்பாலும் டீசலாகத்தான் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் நம் பட்டறைகளில் பின்பற்றப்படும் முறை பெரும்பாலும் பழியிலிருந்து தொடங்குகிறது. சந்தேகம் முதலில், சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்ப்பின் மீது விழுகிறது. பம்ப்பைக் கழற்றி ஈரோட்டுக்கோ கோவைக்கோ அனுப்புகிறார்கள்; காலிப்ரேஷன் செய்து திரும்பி வருகிறது; பத்து நாள் கழித்து ஆயில் மறுபடி ஏறுகிறது. எந்தப் பாகம் கெட்டது என்ற கேள்விக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆயில் மட்டம் எப்போது ஏறுகிறது, வண்டி நிற்கும்போதா ஓடும்போதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் சந்தேகப்பட்டியலில் பாதி தானாக உதிர்ந்துவிடும். அந்த விடைக்கு ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதைத் தவிர வேறு செலவு இல்லை. இரண்டு இரவுகள் பொறுமை வேண்டும்.

அதற்கு முன், கொஞ்சம் டீசல் கலந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்காகக் கணக்கைப் பார்த்துவிடலாம். டிராக்டரில் ஊற்றும் 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 ஆயிலில் கடைசி 40 என்ற எண், எஞ்சின் சூடான நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கவேண்டும் என்பதைக் குறிக்கிறது. 100 டிகிரி வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை 12.5 சென்டிஸ்டோக்குக்குக் கீழே போகக்கூடாது. டீசலின் பாகுத்தன்மையோ 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்தான். 100 டிகிரியில் 15 சென்டிஸ்டோக் உள்ள நல்ல ஆயிலில் நூற்றுக்கு ஐந்து பங்கு டீசல் கலந்தால், அது 12 சென்டிஸ்டோக் அளவுக்கு இறங்கிவிடும் என்று கணக்கிடலாம். அதாவது 40 என்று காசு கொடுத்து வாங்கிய ஆயில் 30 என்ற தரத்துக்கு இறங்கிவிடுகிறது. பத்துப் பங்கு கலந்தால் மூன்றில் ஒரு பங்குக் கெட்டித்தன்மை போய்விடும். ஏழு லிட்டர் ஆயில் பிடிக்கும் சம்ப்பில், அதாவது எஞ்சினின் அடித்தொட்டியில், ஐந்து பங்கு என்பது முந்நூற்றைம்பது மில்லி, ஒரு பெரிய செம்பில் பாதிகூட இல்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். பெட்ரோல் எஞ்சினில் கலக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி எஞ்சின் சூடேறியதும் ஆவியாகி வெளியேறிவிடும். டீசலுக்கு அந்தக் குணம் இல்லை. அதன் பெரும்பகுதி கொதிப்பதற்கு 180 முதல் 360 டிகிரி வரை வெப்பம் வேண்டும். சம்ப்பில் உள்ள ஆயிலோ 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆகவே ஒருமுறை இறங்கிய டீசல் அங்கேயே தங்கிவிடுகிறது. "நல்லா லோடு போட்டு ஓட்டுனா சரியாயிரும்" என்ற அறிவுரையில் உண்மை மிகக் கொஞ்சம்தான்.

மெலிந்த ஆயில் கிராங்க் பேரிங்குகளில் நிற்காது. டர்போ உள்ள வண்டியில் டர்போவின் பேரிங்கிலும் நிற்காது. சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் வழியாக இறங்கும் டீசல் என்றால் போகிற வழியிலேயே சிலிண்டரின் உள்ளுறையான லைனர் சுவரில் படிந்திருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு போகும்; பிஸ்டன் ரிங்கும் லைனரும் உலோகத்தோடு உலோகம் உரசத் தொடங்கும். இதை ஆயில் பிரஷர் முள் உடனே காட்டிக்கொடுக்கும் என்று நம்புவதற்கில்லை. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பிரஷரை ரிலீஃப் வால்வுதான் கட்டுப்படுத்துகிறது. ஆகவே உழவு நேரத்தில் முள் வழக்கமான இடத்திலேயே நிற்கும். இரண்டு மணி நேரம் உழுது, நன்றாகச் சூடான வண்டியை வரப்போரம் நிறுத்தி ஐடிலில் விட்டுப் பார்க்கும்போது முள் எந்த இடத்துக்கு இறங்குகிறது என்பதுதான் பொருள் உள்ள அளவு. முள் இல்லாமல் விளக்கு மட்டும் வைத்த வண்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அந்த விளக்கு எரிகிறது என்றால் பிரஷர் ஏறக்குறைய இல்லை என்று பொருள்.

இவற்றையெல்லாம்விட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. மட்டம் அளவுமீறி ஏறினால் கிராங்க் சுழற்சி ஆயிலை அடித்து நுரையாக்கும்; அந்தக் கலவை, எஞ்சினின் உட்காற்று வெளியேறும் பிரீதர் வழியாகவோ ரிங்குகளைத் தாண்டியோ எரியும் அறைக்குள் போய்விடும். அப்போது எஞ்சின் பம்ப் தரும் டீசலை நம்பாமல் தன் ஆயிலையே எரித்துத் தறிகெட்டு ஓடத் தொடங்கும். ஸ்டாப் கம்பியை இழுத்தாலும், சாவியை அணைத்தாலும் நிற்காது, ஏனென்றால் அவை நிறுத்துவது பம்ப்பைத்தான். காற்று போகும் வழியைப் பலகைபோன்ற தட்டையான பொருளால் அடைப்பதும், உச்ச கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை அமுக்குவதும்தான் வழி. காற்று வாயில் கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. மேல் கோட்டுக்கு மேலே ஆயில் ஏறியிருப்பது தெரிந்த வண்டியை, "பட்டறை வரைக்கும் ஓட்டிட்டுப் போயிரலாம்" என்று ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

இனி, ஏறியிருப்பது டீசல்தானா என்பதை உறுதிசெய்யவேண்டும். மட்டம் ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ரேடியேட்டர் தண்ணீர் இறங்கினால் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்துக்கு மாறும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும்; இது பலருக்கும் தெரியும். பலருக்கும் தெரியாதது மூன்றாவது வழி. ஹைட்ராலிக் பம்ப்போ பவர் ஸ்டீயரிங் பம்ப்போ எஞ்சினின் பல்சக்கரப் பெட்டியான டைமிங் கேஸில் பொருத்தப்பட்டிருக்கும் வண்டிகளில், அந்தப் பம்ப்பின் ஷாஃப்ட் சீல் போனால் அந்த ஆயில் எஞ்சினுக்குள் வந்து சேரும். மட்டம் ஏறும், டீசல் வாசம் இருக்காது, ஸ்டீயரிங் ஆயில் டப்பாவிலோ பின்பக்கம் ஹவுசிங்கிலோ அதே அளவு குறைந்திருக்கும். அந்த இரண்டையும் திறந்து பார்க்காமல் டீசல் பம்ப்பைக் கழற்றுவது வீண் வேலை.

வாசம் பார்ப்பது எளிய சோதனைதான், ஆனால் யார் பார்க்கிறார்கள் என்பது முக்கியம். நாள் முழுதும் டீசலில் கை நனைத்திருக்கும் மெக்கானிக்கின் மூக்குக்கு எல்லா ஆயிலும் ஒன்றுபோலவே இருக்கும். சமையலறையிலிருந்து வருகிறவர்களிடம் டிப்ஸ்டிக்கை நீட்டினால் நொடியில் சொல்லிவிடுவார்கள். அடுத்தது சொட்டுச் சோதனை. வடிதாளிலோ வழவழப்பில்லாத வெள்ளைத் தாளிலோ ஒரு சொட்டு ஆயிலை விட்டுச் சில மணி நேரம் படுக்கையாக வைத்தால், நடுவில் புகைக்கரியின் கருவட்டமும், அதைச் சுற்றிச் சாம்பல் நிறமும் படரும். டீசல் கலந்திருந்தால் இவற்றுக்கு வெளியே கறையற்ற, ஈரம்போல் தெரியும் அகன்ற வளையம் ஒன்று உண்டாகும். அதே தாளில் பக்கத்தில் புதிய ஆயிலையும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஆயில் நனைத்த தாளைத் தீயில் காட்டிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, அதைத் தவிர்க்கவேண்டும். எஞ்சின் ஆயில் தீப்பற்றும் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல்; டீசலுக்கு நம் நாட்டுத் தரக்குறிப்பு வைத்திருக்கும் கீழ் எல்லை வெறும் 35 டிகிரி.

அளவையும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டுமானால், மாடு வைத்திருக்கும் வீடுகளில் எப்படியும் கிடைக்கும் 10 மில்லி ஊசிக்குழல் போதும். ஊசியையும் உள்தண்டையும் எடுத்துவிட்டு, குழாயைச் செங்குத்தாகப் பிடித்து ஆயில் முழுதும் வடிய எத்தனை நொடி ஆகிறது என்று கைப்பேசியில் அளக்கலாம். எஞ்சினில் ஊற்றும் அதே ஆயிலின் புதிய டப்பாவிலிருந்து ஒரு மாதிரி. அதில் 95 மில்லிக்கு 5 மில்லி டீசல் கலந்த ஒரு மாதிரி. 90-க்கு 10 கலந்த ஒரு மாதிரி. கடைசியாக வண்டியின் ஆயில். நான்கையும் ஒரே நிழலில் இரண்டு மணி நேரம் வைத்து, ஒரே வெப்பத்துக்கு வந்தபின் அளக்கவேண்டும். நூற்றுக்கு ஐந்து கலந்த மாதிரி புதியதைவிட ஏறக்குறையக் கால் பங்கு வேகமாக வடியும். இந்தச் சோதனைக்கு ஒரு குறை உண்டு: ஓடிய ஆயிலில் சேரும் புகைக்கரி அதைக் கெட்டியாக்கும், டீசல் மெலிவாக்கும், இரண்டும் ஈடுகட்டிக்கொண்டால் வண்டியின் ஆயில் நல்லதுபோலவே வடியும். ஆகவே வேகமாக வடிந்தால் சந்தேகம் உறுதியாகும்; வேகமாக வடியவில்லை என்பதற்காக வண்டியை விட்டுவிட முடியாது.

உறுதியானதும் இரவுச் சோதனைக்கு வரலாம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, மேல் கோட்டுக்குச் சரியாக ஆயில் ஊற்றவேண்டும். பழைய ஆயிலை வடித்தபின் சம்ப்பை டீசல் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது; இந்தச் சோதனைக்கு முன் அதைக் கட்டாயம் தவிர்க்கவேண்டும், கழுவிய டீசலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கி முதல் அளவையே பொய்யாக்கிவிடும். புதிய ஃபில்டர் தன் பங்குக்கு ஆயிலைக் குடிக்கும் என்பதால், ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்தி, கால்மணி நேரம் கழித்து மட்டத்தைச் சரிசெய்து, டிப்ஸ்டிக்கில் நூல்கட்டியோ கீறியோ அடையாளம் வைக்கவேண்டும். பிறகு டேங்க்கை நிரப்பி, டீசல் டேப்பைத் திறந்தே வைத்துவிட்டு, ஓர் இரவு அப்படியே விடவேண்டும். காலையில் வண்டியைத் தொடுவதற்கு முன் அளவெடுக்கவேண்டும். மறுநாள் இரவு, வண்டியை இடம் மாற்றாமல், டேப்பை மூடிவைத்து அதையே செய்யவேண்டும்.

பெரும்பாலான டிராக்டர்களில் டேங்க் பம்ப்பைவிட உயரத்தில் இருக்கிறது. ஆகவே டேப் திறந்திருந்தால் எஞ்சின் நின்றபின்னும் டீசல் தன் எடையாலேயே பம்ப் வரை வந்து அழுத்திக்கொண்டு நிற்கும். அந்த வழியில் ஒரு சீல் போயிருந்தால் இரவெல்லாம் சொட்டும். ஒரு மில்லிக்கு நாற்பது ஐம்பது சொட்டு என்று கொண்டால், நொடிக்கு ஒரு சொட்டு என்பது மணிக்கு எழுபது முதல் தொண்ணூறு மில்லி. பத்து மணி நேர இரவில் முக்கால் லிட்டரை எட்டிவிடும். டிப்ஸ்டிக்கில் அது மறைக்கமுடியாத ஏற்றம். டேப் திறந்த இரவில் ஏறி, மூடிய இரவில் ஏறவில்லை என்றால் நாசில்கள் அந்த ஏற்றத்துக்குக் காரணம் அல்ல என்று துணிந்து சொல்லலாம். சாதாரண மெக்கானிக்கல் பம்ப் வைத்த எஞ்சினில், பம்ப்பின் டெலிவரி வால்வு மூடியிருக்கும்போது டேங்க்கின் எடை அழுத்தம் நாசில் வரை போகாது. இதற்குத் துணையான இன்னோர் அடையாளமும் உண்டு: டேப்பை மூடிவைத்த இரவுக்கு மறுநாள் காலை வண்டி "ஏர் எடுத்து", கைப்பம்ப் அடித்த பிறகே ஸ்டார்ட் ஆனால், குழாயில் இருந்த டீசல் எங்கோ வடிந்து அந்த இடத்தில் காற்று புகுந்திருக்கிறது. வெளியே ஈரமே இல்லை என்றால் அது உள்ளேதான் வடிந்திருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டியும் ஆயில் ஏறும் வண்டியும் இரண்டு தனித்தனிக் கோளாறுகளாகப் பட்டறைக்கு வருகின்றன. பலமுறை அவை ஒரே சீலின் இரண்டு பக்கங்கள்.

நிற்கும்போது ஏறுகிறது என்றால் முதலில் பார்க்கவேண்டியது, டேங்க்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்குத் தரும் ஃபீட் பம்ப். பல பழைய வண்டிகளில் இது எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகளில் நிற்கும் சிறிய உறுப்பு. உள்ளே கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை ஆட்ட, அந்த நெம்புகோல் ஒரு ரப்பர் டயாஃப்ரத்தை ஆட்டும். டயாஃப்ரத்துக்கு மேலே டீசல், கீழே எஞ்சினின் உட்பக்கம். நடுவில் இருப்பது அந்த ரப்பர் மட்டும்தான். அது கிழிந்தால் டீசல் நேராகச் சம்ப்புக்கு இறங்கும். சோதிப்பதும் எளிது: டீசல் குழாயைக் கழற்றாமல் பம்ப்பை மட்டும் பிளாக்கிலிருந்து விடுவித்து, நெம்புகோல் பக்கத்தைத் துடைத்து, கை லீவரைப் பத்து இருபது முறை அடித்துப் பார்க்கவேண்டும். நெம்புகோல் பக்கம் டீசல் கசிந்தால் தேடல் முடிந்தது. கொடுமுடி வண்டியில் கோளாறு இதுதான். அதற்குள் டீசல் பம்ப் இரண்டுமுறை நகரத்துக்குப் போய்வந்திருந்தது. அந்தக் கூலியில் எத்தனையோ டயாஃப்ரம் வாங்கியிருக்கலாம். மெக்கானிக்கின் மீது தவறு என்று சொல்லமாட்டேன். ஆயிலோடு டீசல் கலக்கிறது என்றால் பம்ப் என்ற எண்ணம் எல்லோருக்குமே முந்திக்கொண்டு வருகிறது. விலை உயர்ந்த பாகம்தான் பெரிய கோளாறு செய்யும் என்று மனம் நினைத்துக்கொள்கிறது.

ஃபீட் பம்ப் நல்லபடி இருந்தால் டீசல் பம்ப்புக்கு வரலாம். இங்கே எந்த வகைப் பம்ப் என்பது கதையை மாற்றும். ரோட்டரி வகைப் பம்ப்பின் உட்பாகங்கள் முழுக்க டீசலிலேயே மூழ்கி, டீசலாலேயே மசகிடப்படுகின்றன. எஞ்சின் ஆயிலுக்கும் அதற்கும் நடுவே இருப்பது டிரைவ் ஷாஃப்ட்டில் உள்ள சீல்தான். அது தேய்ந்தாலோ வெப்பத்தில் இறுகினாலோ டீசல் டைமிங் கேஸுக்குள் இறங்கி அங்கிருந்து சம்ப்புக்குப் போகும். டீசலை அழுத்தும் தண்டுகளான பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப்பின் கீழ்ப்பாதியில் கேம் ஷாஃப்ட் ஓடுகிறது. பல எஞ்சின்களில் அந்தப் பாதிக்கு எஞ்சின் ஆயிலே சுற்றி வருகிறது. பிளஞ்சர்கள் ஓடும் உருளைகளான பேரல்களின் இருக்கையில் உள்ள சீல் போனாலோ, பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே தேய்மானம் கூடினாலோ டீசல் கீழே இறங்கி, அந்த ஆயிலோடு சேர்ந்து சம்ப்பை அடையும். இந்தப் பம்ப்பின் பக்கத்தில் பொருத்தப்பட்ட பிஸ்டன் வகை ஃபீட் பம்ப்பின் தள்ளுகம்பி தேய்ந்தாலும் அதே வழிதான். தனக்கென்று தனி ஆயில் வைத்திருக்கும் பழைய இன்லைன் பம்ப்பாக இருந்தால் அதன் சிறு டிப்ஸ்டிக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெங்களூரின் மைக்கோ நிறுவனம் 2008-லேயே பெயர் மாறி பாஷ் ஆகிவிட்டது. ஆனாலும் நம் பட்டறைகளில் இன்லைன் பம்ப்புக்கு இன்றும் மைக்கோ பம்ப் என்றுதான் பெயர். உதிரிபாகம் கேட்கும்போது கடைக்காரருக்குப் புரியவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

இந்த இரண்டு வகையிலும், பம்ப்பைக் கழற்றும் முன் செய்யக்கூடிய ஓர் உறுதிப்பாடு உண்டு. ஆயிலை முழுதும் வடித்து, டிரெயின் போல்ட்டைத் திறந்தே விட்டு, அடியில் துடைத்த தட்டு ஒன்றை வைத்து, டேப்பைத் திறந்து ஓர் இரவு விடவேண்டும். முதலில் மிச்சமிருக்கும் ஆயில் சொட்டும். விடியும்போது தட்டில் விழுவது வெளிறிய டீசலாக இருந்தால் பம்ப்பைக் கழற்றுவதில் தயங்கவேண்டியதில்லை. அந்த நிலையில் யாரும் மறந்து ஸ்டார்ட் செய்துவிடாமல் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

இரண்டு இரவும் மட்டம் அசையவில்லை, பகலில் ஓடினால் மட்டும் ஏறுகிறது என்றால் பாதை வேறு. பம்ப்பை முற்றிலும் விடுவித்துவிடவும் முடியாது, பிளஞ்சர் தேய்மானக் கசிவு ஓடும் அழுத்தத்தில்தான் வெளிப்படும். ஆனால் முதல் பார்வை, எஞ்சினின் தலையை மூடியிருக்கும் டேப்பட் கவருக்குள் போகட்டும். சில எஞ்சின்களில் நாசில்களிலிருந்து மிச்ச டீசலைத் திருப்பும் ஓவர்ஃப்ளோ பைப் கவருக்கு உள்ளேயே ஓடுகிறது. அதன் ஒரு வாஷர் தளர்ந்தாலோ பைப்பில் முடிக்கோடு அளவு விரிசல் விழுந்தாலோ டீசல் தள்ளுகம்பி ஓட்டைகள் வழியாக நேரே கீழே போய்விடும். கவரைத் திறந்ததும் கையை வைக்காமல் கண்ணால் மட்டும் பார்க்கவேண்டும்: எல்லா இடமும் ஆயில் படிந்து கருத்திருக்க, ஒரே ஓர் இடம் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் உலோக நிறத்தில் மின்னினால், அதற்கு நேர்மேலேதான் கசிவு. துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்குகிற சுறுசுறுப்பு இந்தச் சாட்சியை அழித்துவிடும்.

அடுத்தது நாசில்கள், பழைய மெக்கானிக்குகள் சொல்லும் அட்டாமைசர்கள். பூஞ்சாரலாகத் தூவவேண்டிய நாசில் சொட்டத் தொடங்கினால், எரியாத டீசல் லைனர் சுவரில் வழிந்து ரிங்குகளைக் கடந்து இறங்கும். இதற்கு வெளி அடையாளங்கள் உண்டு: காலையில் கண்ணெரியும் வெண்புகை, ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடிப்பது, ஐடிலில் இடி. ஐடிலில் ஓடும்போது ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் சற்றுத் தளர்த்தி, எந்தச் சிலிண்டரைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓசையில் மாற்றமே இல்லை என்று பார்ப்பது நெடுநாளைய முறை. மாற்றம் தராத சிலிண்டரில் கோளாறு. இந்த முறை பழைய பம்ப் வண்டிகளுக்கு மட்டுமே உரியது. பொதுக் குழாயான ரெயிலில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் சிஆர்டிஐ வண்டிகளில் அந்த அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அங்கே நட்டைத் தளர்த்துவது உயிரோடு விளையாடுவது. பழைய வண்டியிலும் கசிவைக் கைவிரலால் தேடக்கூடாது. நாசிலிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய அளவு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாகவே இருக்கும். அது கட்டுப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் காயம் அல்ல. அறுவை மருத்துவரிடம் உடனே போகவேண்டிய காயம்.

கழற்றிய நாசிலைக் கை டெஸ்டரில் பொருத்திப் பார்க்கும்போது, தூவுகிறதா என்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். டீசல் கலப்பைத் தேடுகிறவருக்குத் தூவலைவிட முக்கியமானது அடைப்பு. திறக்கும் அழுத்தம் எவ்வளவு என்று அந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். அதற்குச் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து இருபது கிலோ குறைவாக அழுத்தத்தை நிறுத்திப் பத்து நொடி பிடித்தால் நுனி உலர்ந்தே இருக்கவேண்டும். நுனியில் முத்துக்கோத்தால் அந்த நாசில் ஆகாது, எவ்வளவு அழகாகத் தூவினாலும்.

எல்லாம் நன்றாக இருந்தும் மெதுவாக, மாதக்கணக்கில் ஏறும் வண்டிகள் உண்டு. இங்கே கசிவு என்று ஒன்று இல்லை. வண்டியை ஓட்டும் விதமே காரணம். கொங்கு நாட்டில் இதற்கு வாய்ப்பு அதிகம். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலை வாசல் வரிசையில் பாரம் ஏற்றிய டிரெய்லரோடு மணிக்கணக்கில் ஐடிலில் நின்று, அடிக்கு அடி நகரும் வண்டிகள். கரண்ட் போன நேரத்தில் டிராக்டரின் சுழல்தண்டான பிடிஓவில் ஜெனரேட்டர் மாட்டி, அரைகுறைப் பாரத்தில் இரவெல்லாம் ஓடும் வண்டிகள். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் டீசல் முழுதும் எரியாது. எரியாதது லைனர் வழியே இறங்கும். நம் ஊர் வெயிலில் எஞ்சின் எங்கே குளிரும் என்று தோன்றலாம். ஆனால் ஒருமுறை வண்டி கொதித்துவிட்டால், அடைப்பெடுத்து ரேடியேட்டரைச் சரிசெய்வதற்குப் பதிலாகத் எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது பல இடங்களில் நிரந்தர வைத்தியமாகிவிட்டது. அதன்பின் அந்த எஞ்சின் ஐடிலிலும் குறைந்த பாரத்திலும் தனக்குரிய சூட்டுக்கு வருவதே இல்லை. என் பார்வையில், காரணம் தெரியாமல் மெல்ல ஏறும் ஆயிலைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்கவேண்டியது இந்தத் தெர்மோஸ்டாட்டைத்தான். அது இருந்து, ஓட்டமும் சரியாக இருந்தால் ரிங், லைனர் தேய்மானத்தைக் கம்ப்ரஷன் பார்த்து முடிவுசெய்யலாம். பிரீதரில் புகை தள்ளுவதும் அதையே சொல்லும்.

புதிய வண்டிகளில் இதற்கு இன்னொரு வடிவம் வந்திருக்கிறது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் 4 புகைவிதி 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த விதிக்காகப் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் வைத்த வண்டிகளில், சேர்ந்த கரியை எரித்து வெளியேற்ற எஞ்சினே அவ்வப்போது சைலன்சர் பக்கம் வெப்பத்தைக் கூட்டுகிறது. சில அமைப்புகளில், பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கூடுதலாகக் கொஞ்சம் டீசல் தூவி அந்த வெப்பத்தை உண்டாக்குகிறார்கள். அந்தத் தூவலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் படிந்து ஆயிலுக்குப் போகும். கரி எரியும் வேலை முடிவதற்குள் வண்டியை நிறுத்துவதும், மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்துவதும் நடந்தால் கலப்பு கூடும். டேஷ்போர்டில் அதற்குரிய விளக்கு எரியும்போது சாவியைத் திருப்பாமல் பொறுத்திருப்பது இங்கே பாதி வைத்தியம்.

கோளாறைச் சரிசெய்தபின் பழைய ஆயிலை அப்படியே விட்டுவைப்பதில் பொருளில்லை. மெலிந்தது மெலிந்ததுதான், புதிய ஆயிலை மேலே ஊற்றிக் கெட்டியாக்க முடியாது. ஆயிலும் ஃபில்டரும் மாற்றவேண்டும். அந்தப் பழைய ஃபில்டரைக் குப்பையில் போடுவதற்கு முன் ரம்பத்தால் அறுத்து, உள்தாளின் மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்க்கவேண்டும். மடிப்புகளில் வெறும் கரி இருந்தால் பிழைத்தது. ஜிகினாபோல வெள்ளியோ செம்போ மின்னினால் பேரிங் மேல்பூச்சு உதிர்ந்திருக்கிறது. சம்ப்பை இறக்கி ஒரு பெரிய முனை பேரிங்கையாவது கழற்றிப் பார்க்காமல் அந்த வண்டியை அடுத்த உழவுக்கு அனுப்பக்கூடாது. கொடுமுடி வண்டியின் ஃபில்டரில் மின்னல் எதுவும் தெரியவில்லை. டயாஃப்ரம் மாற்றி முதல் ஐம்பது மணி நேரம் முடிந்ததும் அது வழக்கம்போல் அரை லிட்டர் ஆயில் கேட்டது.